கதவில்லாத கூழ்வண்டி

தென்னம்பாடி என்ற ஊரில் ஒரு கூழ்வண்டி இருந்தது. நான்கு சக்கரம், ஒரு தகரக் கூரை, இரண்டு மண்பானை. அவ்வளவுதான் அதன் சொத்து. காலை எட்டு மணிக்கு அது கடைவீதியில் வந்து நிற்கும். அதன் சொந்தக்காரி செங்கமலம் பானை மூடியைத் திறப்பாள். பகல் ஒரு மணிக்குள் கம்மங்கூழும் மோர்மிளகாயும் தீர்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, நகராட்சி லாரி உறுமிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது.

"ஏ கூழு! உரிமம் வச்சிருக்கியா?" என்றது லாரி.

"அப்படின்னா என்னண்ணே?"

"சரியாப் போச்சு! தெருவுல கடை போடுற எல்லாரும் வெள்ளிக்கிழமைக்குள்ள நகராட்சியில உரிமம் வாங்கணும். இல்லேன்னா உன்னைத் தூக்கி முதுகுல போட்டுக் கிடங்குல இறக்கிடுவேன். போன வருஷம் ஒரு இளநீர் வண்டியை இறக்கினேன். இப்போ அதுமேல பாகற்கொடி காய்க்குது."

கூழ்வண்டியின் நான்கு சக்கரங்களும் நடுங்கின.

"பயப்படாதே, கேக்கிறதைக் கொடுத்து வாங்கிட்டு வந்துடலாம்" என்றாள் செங்கமலம். ஆனால் வண்டியின் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ போயிட்டா நான் எதை வச்சுப் பிழைக்கிறது?"

இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் குணசீலனின் மேசைமேல் விண்ணப்பப் படிவம் விறைப்பாகப் படுத்திருந்தது.

"பெயர்?" என்றது படிவம்.

"செங்கமலம்."

"தொழில்?"

"கூழ் விக்கிறது."

"கதவு எண்?"

செங்கமலம் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் கதவே இல்லையே!" என்று வாசலில் நின்ற வண்டி குரல் கொடுத்தது.

"அது உன் குறை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முத்திரை என்மேல் விழாது. நாற்பது வருஷமாக ஓர் எழுத்துகூட மாறாதவன் நான், தெரியுமா?"

"நான் என்னம்மா செய்யட்டும்? படிவம் கேக்குதே" என்று குணசீலன் கையை விரித்தார்.

செங்கமலம் சளைக்கவில்லை. "கதவுதானே வேணும்?" என்று பழைய சாமான் கடைக்குப் போனாள். பச்சைக் கதவு ஒன்றை வாங்கிவந்து, வண்டியின் பக்கவாட்டில் கயிற்றால் கட்டி, அதன்மேல் சுண்ணாம்பால் '1' என்று எழுதினாள்.

மறுநாள் கடைவீதியில் காற்று அடித்தது. கதவு ஆவென்று திறந்து நடைபாதையை மறித்தது. நடந்து வந்தவர்கள் சாலையில் இறங்கி ஓடினார்கள். சக்கர நாற்காலியில் வந்த மரியதாசுக்கு இறங்கவும் வழியில்லை.

"யக்கா, இது கூழ்வண்டியா, கோட்டையா?" என்றார் அவர்.

நடைபாதை அலறியது. "அட, மனுஷங்க நடக்கத்தான் என்னைப் போட்டாங்க! நீ கதவை விரிச்சு வச்சா, அவங்க பஸ்ஸுக்கு அடியிலயா நடப்பாங்க?"

வண்டிக்கு வெட்கமாகிவிட்டது. "அக்கா, இதைக் கழட்டிடுங்க. உரிமம் கிடைக்காட்டியும் பரவாயில்லை" என்றது.

"சீக்கிரம் கழட்டுங்க, எனக்கும் தலை சுத்துது" என்றது கதவு.

கதவு இறங்கியதும் நடைபாதையின் கோபமும் இறங்கியது. "இங்கே பாரு. ஓரத்துல மின்கம்பம் நிக்குதில்ல? அதன் வரிசையில யாரும் நடக்க மாட்டாங்க. நடந்தா நெத்தி வீங்கிடும். நீயும் அந்த வரிசையிலேயே ஒட்டி நில்லு. மத்த இடமெல்லாம் நடக்கிறவங்களுக்கு."

வண்டி கம்பத்தை ஒட்டி நின்றது. மரியதாஸ் நாற்காலியை உருட்டிப் போனார். நம்பிக்கை வராமல் திரும்பியும் ஒருமுறை உருட்டி வந்தார். "ஜோரா இருக்கு!" என்றார்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பேசியது மின்கம்பம். "நாலு வருஷமா என் பக்கத்துல நிக்கிறே. ஒருநாளாவது என்னை நிமிர்ந்து பார்த்தியா? என்மேல என்ன எழுதியிருக்கு, படி."

மஞ்சள் பட்டையில் கறுப்பு மையால் '14' என்று எழுதியிருந்தது.

"யாருங்க எழுதினது?"

"வேற யாரு? நகராட்சிதான்."

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்ததும் செங்கமலமும் வண்டியும் வாசலில் நின்றார்கள். படிவம் கதவு எண் கேட்டதும், "மின்கம்பம் பதினாலு" என்றாள் செங்கமலம்.

"கம்பம் எப்படிக் கதவாகும்?" என்று சீறியது படிவம்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்றது வண்டி. "கதவு எண் உங்களுக்கு எதுக்கு?"

  நாற்பது வருஷத்தில் யாரும் படிவத்தை இப்படிக் கேட்டதில்லை. அது குணசீலனைப் பார்த்தது.

குணசீலன் தலையைச் சொறிந்தார். "கூழ் சரியில்லேன்னு யாராவது புகார் கொடுத்தா, நாங்க தேடி வரணுமில்ல? அதுக்குத்தான்."

"அப்போ பதினாலாம் கம்பத்துக்கு வாங்க சார்" என்றாள் செங்கமலம். "கதவு வச்சிருக்கிறவங்க பூட்டிட்டு ஊருக்குப் போயிடுவாங்க. நாங்க எங்க போகப்போறோம்?"

உள்ளறையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆணையர் ஜெரினா பேகம் எழுந்து வந்தார். "குணசீலன், படிவம், முத்திரை, அளவுநாடா எல்லாத்தையும் எடுங்க. நேர்ல போய்ப் பார்த்துடலாம்."

கடைவீதியில் லாரி முன்னதாகவே வந்து, இரண்டு சக்கரங்களை நடைபாதைமேல் ஏற்றிக் காத்திருந்தது.

வண்டி கம்பத்தை ஒட்டித் தன் இடத்தில் நின்றது. அளவுநாடா வண்டிக்கும் கடைச் சுவருக்கும் நடுவே ஓடியது. "ஆறடி இருக்கு அம்மா! ரெண்டு நாற்காலி எதிரெதிரே போகலாம்" என்று கத்தியது.

ஆணையர் படிவத்தை வண்டியின் பலகைமேல் வைத்தார். 'கதவு எண்' என்ற இடத்துக்குப் பக்கத்தில், 'அல்லது மின்கம்ப எண்' என்று பேனாவால் எழுதினார்.

"ஐயோ, கூசுது!" என்று நெளிந்தது படிவம். பிறகு தன்னைத்தானே ஒருமுறை படித்துப் பார்த்தது. "பரவாயில்லை. இனிமேல் நிறையப் பேர் என்னை நிரப்புவார்கள்" என்றது.

முத்திரை துள்ளி விழுந்தது. தொம்!

செய்தி வீதி முழுக்கப் பரவியது. பூக்கூடை ஓடி வந்து, "நான் எட்டாம் கம்பம்!" என்றது. செருப்புத் தைப்பவரின் குடை, "நான் இருபத்தொண்ணு!" என்று விரிந்தது. சாணைச் சக்கரம் மகிழ்ச்சியில் பொறி பறக்கச் சுழன்றது. எல்லாரும் அவரவர் கம்பத்தின் வரிசையில் ஒட்டி நின்றார்கள். வீதி அகலமானதுபோல் இருந்தது.

லாரிக்கு ஏற்றிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. "சரி, சரி. உரிமம்தான் கிடைச்சுடுச்சே. பிழைச்சுப் போ" என்று முணுமுணுத்தது.

"நன்றிண்ணே" என்றது கூழ்வண்டி. "நீங்க கொஞ்சம் நடைபாதையை விட்டு இறங்கி நில்லுங்க. ஜனங்க நடக்கணும்."