வாசலை விட்டு நகராத வசூல்

வட்டிக்கடை ஆவுடையப்பனுக்குக் கடன் கொடுக்கத் தெரிந்த அளவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தெரிந்திருந்தால், பந்தல்காரர் நயினாரிடம் கடனை வசூலிக்கச் சொரிமுத்துவையும் அவன் மச்சினன்மார் இரண்டு பேரையும் அனுப்பியிருப்பாரா?

“பணம் வாங்காம வாசலை விட்டு நகரக் கூடாது. அவன் எது கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கோ. வெறுங்கையோட வந்தா உனக்கு வேலை கிடையாது” என்றார்.

இந்த வேலையும் போனால் பெண்டாட்டி சொரிமுத்துவை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள்.

மூவரும் நயினார் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. நயினாருக்கே பாவமாகிவிட்டது.

“பந்தல் போடட்டுமா தம்பிகளா?”

மூவரும் கூடி யோசித்தார்கள்.

“வாங்கலாமா அத்தான்?” என்றான் மூத்த மச்சினன் கொம்பையா.

“எது கொடுத்தாலும்னு முதலாளி சொன்னாரு. பந்தல் அதுல சேருமா?”

“‘எது’ல சேராதது எது அத்தான்?” என்றான் இளையவன் இசக்கி. அவன் அறிவைக் கண்டு மற்ற இருவரும் அசந்துபோனார்கள்.

பந்தல் வந்தது. நாற்காலிகள் வந்தன, மின்விசிறி வந்தது. ஒன்றையும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பந்தலைப் பார்த்த பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் மாலையும் கையுமாக வந்து சேர்ந்தார்.

“யாருப்பா போனது?”

“இன்னும் போகலைய்யா. போயிருமோன்னுதான் பயமா இருக்கு” என்று வேலையை நினைத்து விம்மினான் சொரிமுத்து. பெரியவரும் கூட உட்கார்ந்து அழுதார். மாலையை மட்டும் கொம்பையா வாங்கவில்லை. நயினார் கொடுத்தால்தானே வாங்க வேண்டும்?

சில நாள் கழித்து நயினார் ஒரு தாளைக் கொடுத்தார். பந்தல், நாற்காலி, விசிறி வாடகை. அதில் கடனைக் கழித்தது போக, மிச்சத்தை முதலாளிதான் அவருக்குத் தர வேண்டும்.

“அப்போ எங்க கடன்?”

“முழுசும் அடைஞ்சுபோச்சு தம்பி.”

சொரிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. கையில் தாள் இருந்தது, ஆகவே வெறுங்கையும் இல்லை. மிச்சத்தை வாங்கிக்கொள்ள நயினாரையும் கையோடு அழைத்துப்போனான்.

தாளைப் படித்த முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நயினாரோ, பணம் வாங்காமல் நகர மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. அவருக்கு வேர்த்துக் கொட்டியதைச் சொரிமுத்துவால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே குரல் கொடுத்தான்.

“முதலாளி, கவலைப்படாதீங்க. அண்ணாச்சிக்கு வெயில் படாம ஒரு பந்தல் போடச் சொல்லிட்டேன். வெளியில அலையவே வேண்டாம், அவர்கிட்டயே பந்தல் இருக்கு. வாடகையை உங்க பேர்ல எழுதிக்கிறேன்னுட்டாரு!”