ஐந்து பொந்து காலி

பங்குனி பத்தாம் தேதி விடிந்தபோது அந்த ஆற்றங்கரைக் காட்டில் பொந்துகள் ஏழு. பறவைக் குடும்பங்கள் பதினொன்று. பொந்து கிடைக்காமல் கிளையில் கிடந்த நான்கு குடும்பங்களில் ஒன்று, செவந்தி என்ற மைனாவுடையது. சித்திரை பிறந்ததும் அவள் முட்டையிட வேண்டும். கிளையில் இட்டால் காகம் விட்டுவைக்காது.

ஏழு பொந்துகளும் மரநாயார் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு மரநாய்க்குச் சொந்தம். வாடகை, நாளுக்கு ஐந்து அத்திப்பழம். போன வருடம் மூன்றுதான்.

"மூன்று பழத்துக்கு விடக்கூடாதா, ஐயா? அதற்குமேல் எனக்குச் சக்தியில்லை," என்றாள் செவந்தி.

மரநாயார் கொட்டாவி விட்டார். "கட்டுப்படியானால் பொந்தில் இரு. இல்லாவிட்டால் கிளையில் இரு. உனக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்."

மறுநாள் காடே அதிர்ந்தது. டொக், டொக், டொக்! கொண்டையன் என்ற மரங்கொத்தி தன் கூட்டத்தோடு வந்து, பட்டுப்போன இலுப்பை மரத்தில் புதுப் பொந்து குடையத் தொடங்கியிருந்தான். ஒன்றல்ல, ஆறு!

செவந்தி விழுந்தடித்துப் பறந்தாள். "அண்ணே, வாடகை எவ்வளவு?"

"ஆறு பழம், தங்கச்சி. மழை ஒழுகாது. ஆற்றைப் பார்த்த வாசல்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அன்று மாலையே மரநாயார் கூட்டம் கூட்டினார். "புதுப் பொந்து வந்தால் அக்கரைப் பறவைகளும் வரும். வாடகை இன்னும் ஏறும். மரங்கொத்திகளை விரட்டச் சம்மதிப்பவர்கள் சிறகைத் தூக்குங்கள்!"

ஐந்து குடும்பங்கள் தூக்கின. ஐந்து தூக்கவில்லை. எல்லாக் கண்களும் செவந்தி மேல்.

அவள் சிறகு பாதி எழுந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கொண்டையனைப் பார்த்துக் கேட்டாள்: "ஆறு பழப் பொந்தை எனக்காகவா குடைகிறாய், அண்ணே? வசதியுள்ள கிளிகளுக்குத்தானே?"

"கிளிகளுக்குத்தான்," என்றான் கொண்டையன். "ஆனால் ஒரு கிளி ஒரே நேரத்தில் இரண்டு பொந்தில் தூங்குமா, தங்கச்சி?"

கிளிகள் இப்போது எங்கே தூங்குகின்றன? மரநாயாரின் பொந்துகளில்! செவந்தி சிறகை மடக்கிக்கொண்டாள். தீர்மானம் தோற்றது.

பங்குனி இருபத்தெட்டாம் தேதி புதுப் பொந்துகள் தயார். ஐந்து கிளிக் குடும்பங்கள் குடியேறின. "ஒழுகுகிற பொந்துக்கு ஐந்து பழம் அழுதோமே!" என்று கீச்சிட்டன. மரநாயார் சொன்னதும் முழுப் பொய்யல்ல. அக்கரையிலிருந்து ஓர் ஆந்தைக் குடும்பம் வந்து ஆறாவது பொந்தைப் பிடித்தது.

ஆனாலும் பழைய பொந்துகளில் ஐந்து காலி. தேடுகிறவர்களோ நான்கே குடும்பங்கள்.

மரநாயார் கிளைக்கே வந்தார். "செவந்தி அம்மா, நான்கு பழம் போதும்."

"ஒழுகுகிறதாமே, ஐயா?"

"இன்றே அடைத்துத் தருகிறேன்! சரி, மூன்றே கொடு."

"யோசித்துச் சொல்கிறேன். இந்தப் பொந்துக்குப் பின்னால் இன்னும் நான்கு காலியாக நிற்கிறது."

ஓட்டையை அடைத்த பிறகுதான் அவள் உள்ளே நுழைந்தாள். சித்திரை மூன்றாம் தேதி, மூன்று பழ வாடகைப் பொந்தில் செவந்தி நான்கு நீல முட்டைகள் இட்டாள்.

புது வீடு யாருக்காகக் கட்டப்பட்டாலும், அதனால் காலியாகும் பழைய வீடு ஏழைக்கு வாடகையைக் குறைக்கும்.