பச்சைக் கோடுகள்

குருவுக்குச் சீடரின் மகள் வயதுதான் இருக்கும். அவர் இவளை டீச்சர் என்பார், இவள் அவரை சார் என்பாள். கல்விக்கு யார் கீழே உட்காருகிறார்களோ அவரே சீடர்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. சனிக்கிழமைதோறும் மெர்சி அங்கே கணினியில் பொருட்களை வரையக் கற்றுக்கொடுத்தாள். வரைந்ததை பிளாஸ்டிக் பொருளாகவே அச்சிட்டுத் தரும் இயந்திரமும் இருந்தது.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற வைத்தியலிங்கம் வந்தது ஒரு கரண்டிப் பிடிக்காக. பக்கவாதத்துக்குப் பிறகு மனைவி கோமதியின் வலது கையில் ஸ்பூன் நிற்கவில்லை. ஊட்டிவிடவும் அவள் சம்மதிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள்.

"இலவச சாஃப்ட்வேர் ஏகப்பட்டது இருக்கே. எது டீச்சர் நல்லது?"

"எதையெல்லாம் இறக்கி வச்சிருக்கீங்க?"

"எல்லாத்தையும்."

"எதைத் திறந்தீங்க?"

"இன்னும் ஒண்ணையும் திறக்கலை."

"அப்ப முதல்ல கண்ணுல படுறதைத் திறங்க சார். மத்ததை அழிச்சிடுங்க."

அழித்தார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த மென்பொருளில் அளவு கொடுக்காத கோடு வெள்ளையாக இருக்கும், தொட்டால் நகரும். எல்லா அளவும் கொடுத்துவிட்டால் பச்சையாகி அசையாமல் நிற்கும். பிடி முழுக்கப் பச்சையான அன்று அவர் அதைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். இயந்திரம் அச்சிட்டுத் தந்த பிடியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுவாரம் முகம் கறுத்து வந்தார்.

"கையில உருளுது டீச்சர். நழுவித் தயிர்சாதத்துல விழுந்துட்டு. தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெர்சி அதைச் சொல்லவில்லை.

"கோடு எல்லாம் பச்சையா இருந்துச்சா?"

"ஒண்ணுகூட வெள்ளை கிடையாது."

"அளவு எதுல எடுத்தீங்க?"

அவர் தன் வலது கையை நீட்டினார். நல்ல அகலமான கை. நீட்டிய பிறகுதான் அதை அவரே பார்த்தார்.

மெர்சி கணினியை அணைத்தாள். பிள்ளைகள் வகுப்பில் மிஞ்சிய களிமண்ணில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தாள்.

"அம்மாவை இதை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க."

"அந்தக் கையைக் காட்ட மாட்டா டீச்சர். யாரு வந்தாலும் முந்தானைக்குள்ள வச்சுக்கிடுவா."

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் களிமண்ணைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை களிமண் காய்ந்து வந்தது. மெலிந்த விரல்களின் தடம் அதில் தெரிந்தது. ஆள்காட்டி விரல் ஆழம், நடுவிரல் லேசு, சுண்டுவிரல் பதியவே இல்லை. மேலே குறுக்காகத் தடித்த விரல்களின் தடமும் இருந்தது.

"இது?"

"என் விரல்." அவர் தன் விரல்களை அந்தத் தடத்தில் வைத்துக் காட்டினார். "அவளால தனியா அமுக்க முடியலை. நானும் சேர்ந்து பிடிச்சேன். ரொம்ப நேரம் கையை எடுக்கலை, அவளும்தான்."

மெர்சி தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை பட்டு அளவு கெட்டுப்போச்சா டீச்சர்?"

அவள் கணினியைப் போட்டு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

"இல்ல சார். இப்பதான் அளவு எடுத்திருக்கீங்க."