சபாபதி எழுதிய பதினோரு வரி

எங்கள் பம்ப் கம்பெனி கேன்டீனில் காலை டீக்குப் பதினைந்து நிமிஷம்தான். கம்ப்யூட்டர் செக்‌ஷன் சபாபதி அண்ணன் வாயைத் திறந்தால் அது பத்தாது. அன்றைக்கும் திறந்தார்.

"நம்ம பீரோ உயரக் கம்ப்யூட்டர் இருக்குதில்லீங்க, அதுல நீங்க பிரிண்ட் கொடுத்தா உடனே பேப்பர்ல வந்துராது. உள்ளுக்குள்ள வரிசையில நிக்கும். ஸ்பூல்னு பேரு. முன்னெல்லாம் நான் ஒவ்வொண்ணாப் பார்த்து, இது ஸ்டோருக்கு, இது டெஸ்பேட்சுக்குன்னு தாட்டிவிடோணும். ஒருநாள் பதினோரே வரியில ஒரு புரோகிராம் எழுதினேன். அதுவே வரிசையைப் பார்க்கும், அதுவே பிரிக்கும், அதுவே அந்தந்தப் பிரிண்டருக்கு அனுப்பிரும்."

"இது நம்பற மாதிரிதான் இருக்குது," என்றார் ஸ்டோர்ஸ் மரகதம் அக்கா, வடையைப் பிட்டபடி.

அண்ணனுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அதோட நின்னுதுன்னு நினைச்சீங்களா? ரெண்டே நாள்ல ஆளுங்க குணமெல்லாம் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெல்டிங் போர்மேன் கண்ணாடியை மறந்துட்டு வந்த அன்னைக்கு, அவர் லிஸ்டை மட்டும் கொட்டை எழுத்துல அடிச்சுது. நான் சொல்லவே இல்லீங்க!"

"அவர் கண்ணாடியே போடறதில்லையே," என்றார் டெஸ்பேட்ச் சென்னியப்பன்.

"இப்ப எதுக்குப் போடறாரு? அதான் கொட்டை எழுத்துல வருதே!"

அண்ணன் எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"ஆடி மாசம். ஒரு லாரி பம்ப் தூத்துக்குடிக்குப் போயி கப்பல் ஏறோணும். பேக்கிங் லிஸ்ட் இல்லாமப் போனா கப்பல்ல ஏத்தமாட்டான். லிஸ்ட்டோ வரிசையில கடைசி. அதுக்கு முன்னாடி நாலாயிரம் பக்க ஸ்டாக் ரிப்போர்ட் நிக்குது. டிரைவருக்குப் பொறுமை போயிருச்சு, வண்டியை எடுத்துட்டான். என் புரோகிராம் என்ன பண்ணுச்சு? ஸ்டாக் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, லிஸ்ட்டை ஜன்னல் வழியா வெளியில அடிச்சு விட்டுது! நம்ம பேப்பர்தான் மடிப்பு மடிப்பா ஒரே நீளமா வருமே, ஆடிக் காத்துல அறுபடாம லாரி பின்னாலயே பறக்குது. பல்லடம், தாராபுரம், திண்டுக்கல், மதுரை..."

"வழியில ரயில்வே கேட் போட்டிருந்தா?" என்றார் மரகதம் அக்கா.

"மடிஞ்சு நின்னுக்கும். நம்ம பேப்பர்ல மடிப்பு ஏற்கெனவே இருக்குதே அக்கா!"

"அம்புட்டு பேப்பர் ஏது?"

"ரெண்டு பக்கமும் அடிச்சுதுங்க."

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு ஜன்னலுக்கு வெளியில நான்தானே நின்னேன்! என் கண்ணுல படலையே?"

"நீங்க பார்த்தா நிறுத்திக் கேட் பாஸ் கேப்பீங்கன்னு, உங்களுக்குப் பின்னால குனிஞ்சு போச்சு."

சென்னியப்பன் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார். நாங்கள் சிரித்து முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார்.

"அங்க போனா கப்பல் கிளம்பிருச்சு. பேப்பர் விட்டுதா? கடலுக்குள்ள பாய்ஞ்சு, நங்கூரத்துல நாலு சுத்துச் சுத்தி, கப்பலைக் கரைக்கு இழுத்துட்டு வந்துருச்சு. கேப்டன் கையெழுத்துப் போட்டான். பொறவு அதுவே பின்னால சுருண்டு வந்து பைல்ல உக்காந்துக்கிச்சு. ஓரத்துல மட்டும் லேசா உப்புக் கறை."

"அந்த பைலைக் காட்டுங்க," என்றார் மரகதம் அக்கா.

"ஆடிட்டர் கொண்டுபோயிட்டாருங்க. அதை விடுங்க. இப்ப எனக்கு வேலையே இல்லை. பேப்பர் தீர்ந்தா அதுவே எடுத்து மாட்டிக்குது. மனசு கேக்காம, 'நான் ஒரு கை பிடிக்கட்டுமா'ன்னு போயி நின்னா, 'அண்ணா, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்'னு பிரிண்ட் அடிச்சுக் கையில குடுக்குது!"

அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் வசுமதி மேடம் வந்து நின்று வெகுநேரமாகியிருந்தது. எங்களில் ஒருவரும் கண்ணைக்கூடக் காட்டவில்லை.

"சபாபதி," என்றார் மேடம். "மூணு பிரிண்டரும் பேப்பர் இல்லாம நிக்குது. அந்த புரோகிராமை டீ குடிக்க அனுப்பிட்டு, நீங்க வந்து மாட்டுங்க."