நாற்பத்தோராம் பக்கம்

"அம்மா, இந்தப் புத்தகம் வேண்டாம். வேற ஏதாவது குடுங்க" என்றார் வடமலை.

குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏன், நல்லா இல்லையா?"

"படிக்க முடியலம்மா. ஒரு பாவி அந்தப் பொண்ணு வாழ்க்கையையே நாசம் பண்ணிட்டான். அதை அவளே எழுதியிருக்கா. மனசு தாங்கல."

வடமலைக்கு வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். வருகிறவர்கள் அழுதுகொண்டு சொல்வதைப் புகாராக எழுதி வாங்குகிற வேலை. மனைவி போய்ச் சேர்ந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார். மடத்தை நடத்துகிற குருவம்மா அவரைவிட இருபது வயது இளையவள். அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஒரு காவித் துண்டும், சாகிற வரைக்கும் படுக்க ஓர் இடமும் கிடைத்தால் போதும் என்றிருந்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தங்க வருகிறவர், குருவம்மா எடுத்துக் கொடுக்கும் புத்தகத்தை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்து முடிக்க வேண்டும். காலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து மத்தியானச் சமையலுக்குக் காய் நறுக்குவார்கள். அவர்கள் காதில் விழும்படி படிக்க வேண்டும். முடித்தால் துண்டு. முடிக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"நாற்பது பக்கம்."

"அந்த அக்கிரமம் பதினெட்டாம் பக்கத்துலயே நடந்து முடிஞ்சுடுச்சே. அதை நீங்கதான் படிச்சீங்க. குரல்கூட நடுங்கல."

வடமலை எழுந்து போனார்.

மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தோராம் பக்கம். இருமினார். தொண்டை கட்டிக்கொண்டது என்றார். குருவம்மா சுக்குக் கஷாயம் போட்டு அனுப்பினாள்.

அதற்கு மறுநாள் கண்ணாடி சரியில்லை என்றார். குருவம்மா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அதுவும் பாருங்கள், அவருக்கு அச்சாகப் பொருந்தித் தொலைத்தது. கண் எரிகிறது என்று சொல்லித் தப்பித்தார்.

மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, நாற்பத்து மூன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தார். முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷனில் இருந்தவருக்கு இது ஒரு பெரிய வித்தையா?

பூசணி நறுக்கிக்கொண்டிருந்த மாரிக்கண்ணு அரிவாள்மணையை விட்டுக் கையை எடுத்தாள்.

"என்ன ரைட்டரே, அந்தப் புள்ள ஸ்டேஷன் வாசல்லதானே நின்னுச்சு? இப்ப ரோட்டுல நடந்து போயிக்கிட்டிருக்கு. உள்ள என்ன ஆச்சு?"

வடமலை புத்தகத்தை மூடினார். நேரே கிணற்றடிக்குப் போனார். குருவம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தரையென்றும் பார்க்காமல் அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அந்த ஸ்டேஷன்ல இருந்த ரைட்டர் நான்தான்."

குருவம்மா துணியைப் பிழிந்தாள்.

"மழையில கூரை ஒழுகி, ஸ்டேஷனைப் பக்கத்து நெல் மில்லுக்கு மாத்தியிருந்தாங்க. அதை எழுதியிருக்கா. அன்னைக்குத்தான் எனக்குப் பொண்ணு பொறந்தா. எல்லாருக்கும் லட்டு குடுத்துக்கிட்டிருந்தேன். அதையும் எழுதியிருக்கா."

"அவளுக்கும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்மா. இதை எழுதினா ஊர் பூரா தெரிஞ்சுடும், உன்னை ஒருத்தனும் கட்டிக்க மாட்டான், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்டுக்குப் போன்னு சொல்லி, லட்டை அவ கையில வெச்சேன்."

பெரியவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷமும் அதைப் புண்ணியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு மானத்தைக் காப்பாத்தினேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேன். ரிட்டயரான அன்னைக்கு மேடையிலயே சொன்னேன். கைதட்டினாங்கம்மா, எல்லாரும் கைதட்டினாங்க."

"போய்ப் படிங்க."

"தனியா உக்காந்து படிச்சுக்கறேனே?"

"கூடத்துல. சத்தமா."

படித்தார். தான் சொன்னதையெல்லாம் தன் வாயாலேயே மறுபடி சொன்னார். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்ததையும் படித்தார்:

'லட்டைத் தின்ன முடியவில்லை. கீழே போட்டால் அந்த மனுஷர் வருத்தப்படுவாரோ என்று பயமாக இருந்தது. கையில் வைத்துக்கொண்டே மூன்று மைல் நடந்தேன்.'

யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாக்கிப் பக்கங்களை முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்திலும் தன்னைத் தேடினார். ஒரு சாபம் விட்டிருக்க மாட்டாளா? போகட்டும் பாவம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டாளா? ஒன்றும் இல்லை. அவளைச் சீரழித்தவன் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றான், ஜெயித்தான். அவள் வீட்டு வாசல் வழியாகவே ஊர்வலம் போனான். கடைசிப் பக்கம் வரைக்கும் அவளுக்கு ஒரு நல்லது நடக்கவில்லை. ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததை எழுதி, அதோடு புத்தகத்தை நிறுத்திவிட்டாள்.

 வடமலைக்கு உயிரோடு இருப்பதே அசிங்கமாக இருந்தது.

குருவம்மா காவித் துண்டை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தொடவில்லை.

"எனக்கு இது வேண்டாம்மா. நான் அந்தப் பொண்ணைத் தேடிப் போறேன். கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா என் கட்டை வேகாது."

"தாராளமாப் போங்க. பேரு என்ன?"

"புத்தகத்துல பேரே போடலையேம்மா."

"புத்தகத்தை விடுங்க. உங்க முன்னாடி ஒரு மணி நேரம் நின்னாளே."

வடமலை வாயைத் திறந்தார்.

ஆட்டைக் காணோம் என்று வந்தவனிடம்கூட, பேனாவை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது பேர். அடுத்தது அப்பா பேர். ஆடெல்லாம் அதற்கு அப்புறம்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் அது மாறியதில்லை.

அன்றைக்கு அவர் பேனாவையே எடுக்கவில்லை.

"கேக்கலம்மா" என்றார்.