குஞ்சோடு திரியும் விரால்

“சாமி, ஒருத்தனைக் குத்தப் போறேன். திருநீறு குடுங்க.”

கண்மாய்க் கரை மரத்தடியில் இருந்த சாமியார் நிமிர்ந்து பார்த்தார். வீரணன் கையில் மீன் குத்தும் ஈட்டி இருந்தது.

“யாரை?”

“கண்மாய்க் குத்தகைக்காரனைத்தான். நாங்க வலை போட்டா கிழிக்கிறான். தூண்டில் போட்டா திருடன்னு சொல்றான். நாளைக்கு மடையைத் திறந்து தண்ணியை மொத்தமா வடிக்கப் போறானாம். சேத்துல துடிக்கிற மீனை லாரியில அள்ளிட்டுப் போயிருவான். குஞ்சுகூட மிஞ்சாது. அடுத்த மழை வரைக்கும் எங்க தெரு என்னத்தைத் தின்னும்?”

கண்மாயை ஏலம் விட்ட மகராசன்கள் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

சாமியார் கேட்டார்: “குஞ்சோட திரியற விராலை எப்படிப் பிடிப்பே?”

வீரணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு எரிந்து வந்தவனிடம் மீன் கதை பேசுகிறார்.

“குஞ்சுக் கூட்டத்துக்கு நடுவுல தவளையைக் கோத்துத் தூண்டில் போடுவோம். தாய் பாய்ஞ்சு வந்து கவ்வும்.”

“பசியிலயா?”

“கோபத்துல.”

“நேத்து குத்தகைக்காரன் உன்னை என்ன சொன்னான்?”

“ஆம்பளையா இருந்தா என்னைத் தொட்டுப் பாருடான்னான். அவன் ஆளு ஒருத்தன் செல்போன்ல படம் பிடிச்சுக்கிட்டு நின்னான்.”

சொல்லி முடித்த வீரணன் ஈட்டியைத் தாழ்த்தினான்.

கொஞ்ச நேரம்தான். பிறகு கத்தினான்.

“அப்ப உங்களை மாதிரி சும்மா உட்காரணுமா? தாய் பாயலைன்னா குஞ்சை மத்த மீன் தின்னுரும், தெரியுமா? எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எங்களுக்கே பொறுமை சொல்றீங்க.”

சாமியார் எழுந்து கரையோடு நடந்தார். மடைக்குப் போனார். ஷட்டரைத் தூக்கும் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் இடுப்பைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார்.

பின்னால் ஓடி வந்த வீரணனுக்கு மூச்சு வாங்கியது.

“சாமி, அவன் ஆளுங்க அடிப்பாங்க.”

“அடிக்கட்டும். அதையும் படம் பிடிக்கட்டும்.”

“உங்களுக்குக் கோபமே வராதுன்னு ஊரே சொல்லுதே.”

“எவன் சொன்னான்?” சாமியார் முடிச்சை இறுக்கினார். “ஈட்டியை இங்க போட்டுட்டுப் போய் தெருவைக் கூட்டிட்டு வா.”