இரண்டு வால் யானை

தவமணிக்கு வாத்தியார் வேலைக்கான உத்தரவு வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. பதிவு மூப்புப்படி கூப்பிட்டால் அப்படித்தான். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தமிழையும் கணக்கையும் எப்படியோ சமாளித்துவிட்டார். கைவேலை வகுப்புதான் அவருக்குத் தண்ணி காட்டியது.

பக்கத்து வகுப்பு பிளாரன்ஸ் டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் பிள்ளைகள் கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தவமணி வயதைப் பார்க்காமல் அவரையே குருவாக வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றார்.

"டீச்சர், ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"சொல்லுங்க சார்."

பெற்றோர் வந்து பார்ப்பதற்காகப் பிள்ளைகள் களிமண்ணில் பொம்மை செய்திருந்தார்கள். ஆவுடைச்செல்வி யானை செய்தாள். வால் இருந்தது, தும்பிக்கை இல்லை. வருகிறவர்கள் சிரித்தால் பிள்ளை மனம் நோகுமே என்று, அவள் வீட்டுக்குப் போனபின் தவமணியே ஒரு தும்பிக்கை உருட்டி ஒட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான்.

மறுநாள் செல்வி யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கு சார் ரெண்டு வாலு?"

"அது தும்பிக்கைம்மா."

"இது போற யானை சார். கோயில் யானை எங்க தெரு வழியாத்தான் வரும். நான் ஓடி வாறதுக்குள்ள தாண்டிப் போயிரும். பின்பக்கந்தான் தெரியும்."

அவள் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து களிமண் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏனென்று கேட்டால், "நீங்களே செஞ்சிருவீங்கல்லா சார்" என்கிறாள். அதையும் கோபமில்லாமல் சொல்கிறாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பிள்ளை கையை முடக்கிப் போட்டுட்டேன் டீச்சர். எதைத் திருத்தணும், எதை விடணும்? நீங்களே சொல்லுங்க."

பிளாரன்ஸ் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தார். பிறகு ஒரு உருண்டை களிமண்ணை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு யானை செய்ங்க சார்."

"எனக்கு எங்க வரும்?"

"செல்வி பக்கத்துல உக்காந்து செய்ங்க."

மணி அடித்ததும் தவமணி பாயில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. செல்வி மட்டும் கையைக் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிறு நன்றாகவே வந்தது. காலைத்தான் ஒல்லியாக உருட்டிவிட்டார். நிறுத்தி வைத்தால் யானை உட்கார்ந்துவிட்டது. நிமிர்த்தினார். மறுபடி உட்கார்ந்தது. அவருக்கு வியர்த்தது.

செல்வியின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. யானை வரைக்கும் நீண்டு, அங்கேயே நின்றது.

"சார், நான் தொடலாமா?"

தவமணி யானையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"தொடும்மா."

அவள் ஒல்லிக் கால்களைப் பிய்த்துவிட்டு, குட்டையாக, தடியாக நாலு கால் உருட்டி வைத்தாள். யானை நின்றது. மிச்ச மண்ணை யாரையும் கேட்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எதையோ உருட்ட ஆரம்பித்தாள். தவமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறு.

சாயங்காலம் அந்த முகத்தோடே வந்தார்.

"செல்வி மறுபடி செய்தா டீச்சர். பெரிய பாரம் இறங்கிட்டு. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

"உங்க யானையைத் தொடுறதுக்கு முன்னாடி அவ என்ன செஞ்சா?"

"தொடலாமான்னு கேட்டா."

ஜன்னலோரம் செல்வியின் அந்த இரண்டு வால் யானை காய்ந்துகொண்டிருந்தது. தவமணி அதன் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"அப்போ அந்தத் தும்பிக்கையை எடுத்துரட்டுமா டீச்சர்?"

"அதை ஏன் சார் என்கிட்ட கேக்கீங்க?"